எந்த மணியில் குறைந்தது?

தண்ணீர்ச் செம்பு ஒன்றைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து, அதன் மேல் கைபேசியைச் சாய்த்து நிறுத்துவாள் அம்மா. பக்கத்தில் ஒரு மெழுகுதிரி எரியும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்தக் கைபேசிக்குள்ளிருந்து டீச்சரக்காவின் குரல் வரும். கொரோனா இரண்டாம் அலையின் ஊரடங்குக் காலம் அது. கோவில் பூட்டிக் கிடந்தது. எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்க வீடுகள் எல்லாம் ஒரே அழைப்பில் சேர்ந்துகொண்டு செபமாலை சொல்வோம். ஒரு வீட்டுக் குரல் முந்தும், இன்னொரு வீட்டுக் குரல் பிந்தும், நடுவில் யார் வீட்டுக் குக்கராவது விசிலடிக்கும். அந்த இரைச்சலுக்குள் டீச்சரக்காவின் குரல் மட்டும் பதறாமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது போல, ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணி உருட்டி முடிந்ததும் அவர் இரண்டு பெயர்களைச் சொல்லிக் குணம் வேண்டுவார். முதலில் என் அண்ணன் பெயர். அடுத்து அவருடைய கணவர் பெயர்.

டீச்சரக்கா எங்கள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தார். திண்டுக்கல்லிலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. அன்றிலிருந்து தெருவுக்கே டீச்சரக்கா. அவர் கணவரை நாங்கள் மோட்டார் மாமா என்போம். வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்திருந்தார். ரெட்டியார்சத்திரம், கன்னிவாடிப் பக்கத்திலிருந்து விவசாயிகள் கருகிப்போன தண்ணீர் மோட்டார்களை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். தெருவில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகள் கூடிச் செபிக்கும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அதற்கு டீச்சரக்காதான் தலைவி. அந்தக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தாலும் மாமா எழுந்து வரமாட்டார். கம்பி சுற்றுவதை நிறுத்தவும் மாட்டார். ஆனால் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் முன்னறையிலிருந்து அவருடைய 'ஆமென்' மட்டும் எல்லோரையும் விடச் சத்தமாக வரும். டீச்சரக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பார்.

என் அண்ணன் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவன் விசில் ஊதினால் மைதானத்துக்கு அடுத்த தோட்டத்தில் தக்காளி பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று சொல்வான். அப்படிப்பட்டவனும், ஒரு நாள் கூடக் காய்ச்சலென்று படுத்திராத மோட்டார் மாமாவும் ஒரே வாரத்தில் விழுந்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியாது. அதைக் கேட்கவும் அப்போது யாருக்கும் நேரமில்லை. இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு வார்டில் சேர்த்தோம். உள்ளே யாரையும் விடவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கைபேசிக்கு வரும் அறிக்கைகளில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அண்ணனுடைய எண்களைப் பார்த்த அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாமாவுடைய எண்கள் அவ்வளவு மோசமாக இல்லை. டீச்சரக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ பாத்தா சொல்லிருவேல்ல பிள்ள, எப்பிடி இருக்கு?" என்று கேட்டபோது, மாமா வந்துவிடுவார் என்றுதான் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

மாமா ஒரு காலை நேரத்தில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குத்தான் கொண்டுபோனார்கள். எங்கள் பங்குச் சாமியார் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு, வியர்வை கண்ணை மறைக்க, தனியாக நின்று மந்திரித்துப் புதைத்தார். டீச்சரக்காவும் அவருடைய மகளும் கல்லறைக் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். அன்று சாயங்காலம் செபமாலை நடக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம். கைபேசி அடித்தது. அதே குரல்தான். பத்து மணி முடிந்ததும் என் அண்ணன் பெயரைச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டாவது பெயர் வரவில்லை. நேராக அடுத்த பத்து மணிக்குப் போய்விட்டார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த மற்ற நாட்களிலும் அவர் நிறுத்தவே இல்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். அவனைக் கைவிட்டுவிட்டதாக எங்களிடமே சொன்ன மருத்துவர்கள், காரணம் தெரியவில்லை, தானாகவே தேறிவிட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அம்மா வாசல் தரையில் முழங்காலிட்டாள். தெருவே வெளியே வந்து நின்றது. யாரோ முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், புதுமை என்று. டீச்சரக்கா தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்ததும் நடக்க மறந்து நின்றுவிட்டான். "போய்ப் படு தம்பி. கஞ்சி வெச்சிருக்காங்களான்னு கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியில் எல்லோரும் அற்புதம் என்பதை எங்கள் வீடுகளில் புதுமை என்றுதான் சொல்வோம். புனிதர்கள் செய்ததெல்லாம் புதுமைகள். சின்ன வயதில் எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். பழையதில் இல்லாத ஒன்று திடீரென்று வந்து நிற்பது, புதுச் சட்டை மாதிரி. அந்த மாதங்களில்தான் அந்தச் சொல்லின் மேல் எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. காய்கறி விற்பவரிலிருந்து கேபிள்காரர் வரை எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் பாதி கம்பி சுற்றிய மோட்டார்கள் அப்படியே கிடந்தன. விவசாயிகள் வந்து விசாரித்து, தகவல் கேட்டு, தங்கள் மோட்டாரை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட அங்கே நின்று ஏதாவது ஒரு பெரிய வார்த்தை சொல்லவில்லை. சாவுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடையாது போலிருக்கிறது. தெருக்கோடியில் இருக்கும் ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னார், டீச்சர் முதலில் சொன்ன பெயருக்குக் கிடைத்துவிட்டது, இரண்டாவது பெயர் போய்ச் சேருவதற்குள் வாசல் மூடிவிட்டது என்று. கடவுளை ரேஷன் கடைக்காரர் ஆக்கிவிட்டுக் கவலையே இல்லாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் பெயரை முதலில் சொன்னது மரியாதை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முதலில் பரிமாறும் பழக்கம். அந்த மரியாதையே டீச்சரக்காவைக் குத்துகிற முள்ளாகிவிட்டது.

கோவில் திறந்ததும் அம்மா நன்றிப் பூசை கேட்டாள். வேண்டாம் என்று அண்ணனும் நானும் சொல்லிப் பார்த்தோம். நன்றி சொல்வதில் என்ன தப்பு என்று கேட்டுவிட்டு அவள் போய்ப் பூசைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கோவில் நிறைய ஆட்கள். முகக்கவசத்துக்கு மேலே எல்லோருடைய கண்களும் எங்கள் வரிசையைத்தான் பார்த்தன. பிரசங்கத்தில் சாமியார் அண்ணனைப் பற்றிப் பேசினார். ஒரு தெருவே விசுவாசத்தோடு கேட்டது, சந்தேகப்படாமல் கேட்டது, அதனால்தான் ஆண்டவர் இரங்கினார், கடுகளவு விசுவாசம் இருந்தால் போதும் என்று சொன்னார். நல்ல மனிதர் அவர். மாமாவைத் தன் கையால் புதைத்தவர். அந்த நேரத்தில் அவர் அதை மறந்துபோனார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஏராளமான சாவுகளைப் பார்த்து அலுத்துப்போய், கையில் கிடைத்த ஒரே ஒரு நல்ல செய்தியை இறுகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் 'அதனால்தான்' என்ற அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது, பெண்கள் பக்கம் நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சரக்காவின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

பூசை முடிந்து சாமியார் உடை மாற்றும் அறைக்குள் போனார். நாங்கள் ஆசீர் வாங்குவதற்காக அறை வாசலில் நின்றோம். டீச்சரக்கா எங்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். சாமியார் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சரக்கா உட்காரவில்லை.

"சாமி, அந்தச் செபமாலைய முன்னால நின்னு சொன்னது நான்தான். ரெண்டு பேருக்கும் ஒரே செபம், ஒரே வாய். எந்த மணியில என் விசுவாசம் கொறஞ்சுச்சுன்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவ சரியாச் சொல்லுவேன்" என்றார்.

குரல் உயரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது. சாமியார் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கடவுளின் திட்டம் நம் அறிவுக்கு எட்டாதது, டீச்சருக்குத் தெரியாததா என்று ஏதோ சொன்னார்.

"அப்ப அதையே மைக்லயும் சொல்லியிருக்கலாமே, சாமி."

டீச்சரக்கா தோத்திரம் சாமி என்று கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றோடு அவர் அன்பியத் தலைமையை விட்டுவிட்டார். பூசைக்கு வருவதை மட்டும் விடவில்லை. அது எனக்கு இன்னொரு எரிச்சல். நானாக இருந்தால் அந்தப் படியை மிதித்திருக்கவே மாட்டேன் என்று வீட்டில் கத்தினேன். அம்மாவுக்கு வேறு மாதிரிக் கோபம். தன் பிள்ளையின் நன்றிப் பூசையில் வந்து டீச்சர் கலகம் பண்ணிவிட்டார் என்று அவள் நினைத்தாள். எத்தனையோ வருடங்களாக அந்தச் சுவருக்கு மேலே குழம்பும் வெஞ்சனமும் போய்வந்துகொண்டிருந்தன. அது நின்றது.

அம்மாவுக்கு இன்னொரு கடன் பாக்கி இருந்தது. அண்ணன் உள்ளே கிடந்தபோது அவள் ஒரு நேர்ச்சை செய்திருந்தாள். பிள்ளை பிழைத்து வந்தால் கன்னிவாடி மலையடிவாரத்தில் நடக்கும் சுகமளிக்கும் செபக் கூட்டத்தில் அவனை மேடையேற்றி, குணமானதை ஊரறியச் சாட்சி சொல்ல வைப்பேன் என்று. அந்தக் கூட்டம் மறுபடியும் நடக்க ஆரம்பித்ததும் அவள் அண்ணனை நச்சரித்தாள். அவன் முடியாது என்றான். மாதக்கணக்காக இந்தச் சண்டை நடந்தது. அண்ணன் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். மைதானத்தில் ஓட முடியாது, விசில் ஊதினால் காற்றுத்தான் வந்தது. நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் அம்மா கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுடைய கணக்கில் அது வேறு விதமாக விழுந்தது. சாட்சி சொல்லாததால்தான் குணம் பாதியில் நிற்கிறது என்றாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். "நான் இந்த வீட்டுல சத்தமாச் சிரிச்சே எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பக்கத்து வீட்டு ஜன்னல் தெறந்திருக்கும்மா" என்றான்.

அம்மா அழுதாள். அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் இத்தனை மாதங்களாக அவளைப் பிடித்து ஆட்டியது என்னவென்று எனக்குப் புரிந்தது. "குடுத்தத ஊரறியச் சொல்லலேன்னா அவரு திரும்ப வாங்கிக்கிட்டா நான் என்ன செய்வேன், அப்பு?"

நன்றியென்று நாங்கள் நினைத்ததெல்லாம் பயம். நடுராத்திரியில் எழுந்து போய் மகனுடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிற பயம். கடவுள் ஒரு பெரிய மனிதர், கொடுத்த பொருளுக்குச் சபையில் பேர் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட சாட்சிகள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன. அண்ணன் அன்றைக்கு ஒப்புக்கொண்டான்.

கூட்டத்துக்கு நானும் போனேன். மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் பெரிய பந்தல். கத்தோலிக்கர்கள் பாதி, சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள் பாதி. நெற்றியில் திருநீறோடு வந்தவர்களும் கையில் செபமாலையோடு வந்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நோய்க்கு முன்னால் மதம் சண்டை போடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வந்து சொன்னார்கள். கட்டி கரைந்தது, குடி நின்றது, பார்வை வந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் பந்தல் அல்லேலூயா என்றது. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அண்ணனை உயிரோடு திரும்பப் பெற்ற வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படி அதைச் சொல்ல முடியும்?

அண்ணன் முறை வந்தது. மைக்கை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சை நிதானப்படுத்தினான்.

"என் பேரையும் எங்க பக்கத்து வீட்டு மாமா பேரையும் சேத்துச் சொல்லித்தான் செபம் பண்ணுனாங்க. நான் வந்துட்டேன். அவரு வரல. அவரு என்னைய விட நல்லவரு. ஏன் இப்பிடின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா எனக்கும் சொல்லுங்க. நான் உயிரோட இருக்கேன். அதுக்கு நன்றி சொல்றேன். இதுதான் என் சாட்சி."

பந்தலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றிரண்டு பேர் பழக்கத்தில் அல்லேலூயா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கூட்டம் நடத்தியவர் சட்டென்று மைக்கை வாங்கி, தம்பி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லிப் பாட்டுக்குக் கையைக் காட்டினார். மேடையை விட்டு இறங்கி வருகிறவனைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பந்தலுக்கு வெளியே ஒரு பெண் அவனை மறித்தாள். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். இடுப்பில், நடக்க வேண்டிய வயதைத் தாண்டிய ஒரு பெண் குழந்தை, கால் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. "தெரியாதுன்னு சொல்றதுக்கா சார் அம்புட்டு ஒசரத்துல ஏறுனீங்க? அது எனக்கே தெரியுமே. வேற ஏதாச்சும் கெடைக்கும்னுதான் வந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் குழந்தையின் காலை மெல்லத் தொட்டுவிட்டு நின்றான். அவள் திரும்பப் பந்தலுக்குள் போய், சாட்சி சொல்லும் அடுத்த ஆளைக் கேட்க உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் அம்மா எங்களை விட்டுத் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பொய்யான ஆறுதலைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையும் அந்தப் பெண்ணின் இடுப்புச் சுமையில் ஒரு குன்றிமணி எடையைக்கூடக் குறைக்கவில்லை. பிறகு யாருக்கு என்ன சொல்வது? இந்த ஆத்திரம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை. தினமும் வேலையில் இதே முகங்களைத்தான் பார்க்கிறேன். அறிக்கையை வாங்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா வந்திருக்கும்ல சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக் கைகூப்புகிறவர்களும் உண்டு. நல்லபடியாக வந்தால் சாமிக்கு நன்றி. கெட்டதாக வந்தால் என்னிடம்தான் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள்.

அப்படி ஒரு நாள் டீச்சரக்காவும் வந்தார், சர்க்கரை பார்க்க. ரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை உட்காரச் சொன்னேன். மத்தியான நேரம், வேறு யாரும் இல்லை. வீட்டில் பேச முடியாததை அங்கே கேட்டுவிட்டேன். இன்னும் எப்படி அக்கா கோவிலுக்குப் போகிறீர்கள், புதுமை என்கிற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு வெறுப்பாக இல்லையா என்று. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டே அவர் பதில் சொன்னார்.

"உங்கண்ணன் வந்தது புதுமைதான் பிள்ள. நான் அத இல்லேன்னே சொல்லல. அதுக்குக் காரணம் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன். இம்புட்டுச் செபம் பண்ணோம், இம்புட்டு விசுவாசம் வெச்சோம், அதனால கெடச்சுச்சுன்னா, அதுக்குப் பேரு புதுமையில்ல, கூலி. நான் வேல செஞ்சேன், எனக்குக் கூலி குடுக்கலேன்னு சொல்ற மாதிரி ஆயிரும். அப்பிடி ஒரு மொதலாளிகிட்ட நான் ஏன் போவேன்?"

அப்படியானால் எதற்காகப் போகிறீர்கள் என்று விடாமல் கேட்டேன். அவர் பஞ்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "சண்ட போட வேற ஆளு இல்லையே" என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அவருடைய சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னதைப் பல நாள் மனதில் உருட்டிப் பார்த்திருக்கிறேன். புதுமைக்குக் காரணம் கிடையாது என்றால் அது வராமல் போனதற்கும் காரணம் கிடையாது. மாமா போனதற்கு யாருடைய குறையும் பொறுப்பில்லை. கேட்கும்போது நெஞ்சு லேசாகிறது. அடுத்த நிமிடமே பிடி நழுவுகிறது. காரணமே இல்லாமல் ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்காமல் விடுகிற கடவுளை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. டீச்சரக்கா தாங்கிக்கொள்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவர் சண்டை போடுகிறார். என்னால் இரண்டும் முடியவில்லை. நான் பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் நிற்கிறேன், அப்பம் வாங்கும் நற்கருணை நேரத்துக்கு முன்னாலேயே சில நாள் கிளம்பி வந்துவிடுகிறேன்.

போன வருடக் கடைசியில் டீச்சரக்கா எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். நன்றிப் பூசைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். கோவிலில் பெண்ணைக் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிக்கொண்டு போவது அப்பா செய்ய வேண்டிய வேலை. டீச்சரக்காவுக்குக் கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. மாமாவுக்கு ஒரு அண்ணன் உண்டு, அவரைக் கேட்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். டீச்சரக்கா என் அண்ணனைப் பார்த்து, "நீ கூட்டிட்டுப் போ தம்பி. அவளும் அதான் சொல்றா" என்றார்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கோ இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் கையில் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முகமெல்லாம் மலர்ந்து, "இதுக்குத்தாம்ப்பு உன்னைய ஆண்டவரு வெச்சிருந்தாரு" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வந்த அன்றைக்கேவா என்று இருந்தது. டீச்சரக்கா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. இதுக்காக இல்ல. அவரு இருந்திருந்தா அவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு. தம்பி இருக்கான், அதனால கேக்குறேன். அம்புட்டுத்தான்."

அம்மா கையை எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, டீச்சருக்குக் காப்பி போடச் சொன்னாள்.

கல்யாணத்தன்று பங்குக் கோவிலுக்கு வெளியே வெயில் ஏறியிருந்தது. மாமாவின் அண்ணனும் வந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் புது வேட்டி சட்டையில் இருந்தான். காலையிலிருந்தே படியேறி இறங்கி அலைந்ததில் களைத்துப் போயிருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. பாடகர் குழு ஆரம்பித்ததும் பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனார்கள். பிறகு அண்ணனின் நடை தளர்ந்தது. நாங்கள் இருந்த வரிசைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான். பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினான். பெண் அவனிடம் 'என்ன மாமா' என்று கேட்கவில்லை. அவன் கையை விடாமல், பூச்செண்டை மறு கையில் இடுக்கிக்கொண்டு, ஊர்வலமே அப்படித்தான் என்பது போல நேராகப் பார்த்தபடி நின்றாள். பாட்டு முடிந்துபோனது. பாடகர் குழுவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கோவிலுக்குள் மின்விசிறிச் சத்தமும் அண்ணன் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தமும் மட்டும் கேட்டன. அம்மாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. நான் அவள் தோளைத் தொட்டேன். எதற்காகத் தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பீடத்தில் நின்ற சாமியார், அன்றைக்கு அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்ட அதே சாமியார், கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் காத்திருந்தார்.

முன்வரிசையிலிருந்து டீச்சரக்கா திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பெரிய கோவிலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல், "மெதுவா வா தம்பி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அண்ணன் தலையசைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நாங்களும் நின்றோம். பிறகு நிமிர்ந்து, பெண்ணின் கையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை எடுத்து வைத்தான்.